காய்ச்சல்காரர் கஞ்சியும் கலர்ப் பெட்டியும்

முப்பது, நாற்பது வருஷங்களுக்கு முன்பு ஒரு வீட்டுக்கு ஓட்ஸ் டப்பா வருகிறது என்றால், அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அதை மளிகைக் கடையில் தேட மாட்டார்கள். மருந்துக் கடையில், குளுக்கோஸ் பாக்கெட்டுக்கும் பார்லி டப்பாவுக்கும் பக்கத்தில் இருக்கும். டைபாய்டு வந்து தேறியவர், மஞ்சள் காமாலைக்காரர், குடல்வால் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர் ஆகியோருக்குப் பால் பாதி தண்ணீர் பாதியாக விட்டு, உப்போ சர்க்கரையோ ஒரு சிட்டிகை போட்டுக் காய்ச்சிக் கொடுப்பார்கள். சாப்பிடுகிறவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குவார். நோய் போனதும் மிச்சத்தில் வண்டு விழும். தகர டப்பா மட்டும் தப்பித்து, அடுக்களையில் மிளகாய்ப் பொடி போட்டுவைக்க உதவும்.

இன்றைக்கு அதே ஓட்ஸ் டிபார்ட்மென்டல் ஸ்டோரில் ஒரு அடுக்கு முழுக்க நிற்கிறது. கூடவே கார்ன் ஃபிளேக்ஸ், மூஸ்லி, கிரனோலா, ராகி ஃபிளேக்ஸ், சாக்லேட் உருண்டைகள். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் இல்லை. நோயாளி ஆகிவிடக் கூடாதே என்று பயப்படுகிறவர்கள். காய்ச்சல்காரர் கஞ்சி, நல்லா இருக்கிறவர்களின் காலை டிபனாகிவிட்டது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மருந்துக் கடையிலிருந்து மளிகை அடுக்குக்கு வரும் வழியில், விற்க வேண்டும் என்பதற்காக அதற்குள் சர்க்கரை ஏறிக்கொண்டது. அதைக் கவனிக்காமல் பெட்டியை எடுத்தால், பத்தியம் இருப்பதாக நினைத்துக்கொண்டு மிட்டாய் தின்ற கதைதான்.

அந்தக் காலத்தில் காலைச் சாப்பாட்டை யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. மண்ணும் மழையும் முடிவு செய்தன. காவிரி பாயும் ஊர்களில் பழைய சோறு. கரிசல் காட்டில் கம்பும் சோளமும். கொங்கிலும் தருமபுரிப் பக்கமும் கேழ்வரகு. கம்பங்கூழ் என்பது முந்தின நாளே ஆரம்பித்துவிடும் வேலை. கம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்து உரலில் போட்டுக் குத்தினால் மேல்தோல் கழலும். முறத்தில் புடைத்துத் தவிட்டைத் தள்ளி, மறுபடியும் குத்திச் சலித்துக் குருணையையும் மாவையும் பிரிப்பார்கள். உலை கொதித்ததும் குருணையைப் போட்டு, அது வெந்த பிறகு மாவைக் கரைத்து ஊற்றித் துடுப்பால் கிண்ட வேண்டும். கை நின்றால் கட்டி தட்டிவிடும். ஆறியதும் உருட்டித் தண்ணீருக்குள் போட்டு வைத்தால், காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தையும் மோர் மிளகாயையும் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் காட்டுக்குப் போகலாம்.

இதை நினைத்து இப்போது உருகுகிறவர்களுக்கு ஒன்று ஞாபகம் வருவதில்லை. விடியுமுன்னே எழுந்து உலக்கை பிடித்தது பெண்கள். உரலை முதலில் மூலையில் சாய்த்து வைத்தவர்களும் அவர்கள்தான். அதற்கு அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் ஏன் அப்படி எடுபட்டது என்று யோசித்தால், நெல்லுச் சோற்றுக்கு அப்போது என்ன மதிப்பு இருந்தது என்பது புரியும். 2008-இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய், 2011-இல் விலையே இல்லை. தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் மட்டும் அவித்த இட்லி, தினசரி டிபனாக இறங்கி வந்தது. “காலையில என்ன சாப்பிட்ட?” என்று வாத்தியார் கேட்டால், கூழ் குடித்துவிட்டு வந்த பிள்ளை கூசாமல் “இட்லி சார்” என்று சொன்ன காலம் ஒன்று உண்டு. அதே கூழ் இன்று நகரத்து ஓட்டல் மெனு கார்டில் பாரம்பரிய உணவாக நிற்பதைப் பார்த்தால் அந்தப் பிள்ளை சிரிக்குமா கோபப்படுமா தெரியவில்லை.

இன்னொன்று. கூழ் குடித்தவர் அடுத்த ஐந்து மணி நேரம் ஏர் பிடித்தார், களை எடுத்தார், தண்ணீர் இறைத்தார். நாம் அந்தத் தானியத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறோம்.

பெட்டிக் கஞ்சியின் பூர்விகமும் ஆஸ்பத்திரிதான். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டுக் காலைச் சாப்பாடு என்றால் வறுத்த இறைச்சி, முட்டை, கொழுப்பு. அதன் பின்னாலேயே அஜீரணம். நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில்லில் இயற்கை வைத்தியசாலை நடத்திய ஜேம்ஸ் கேலப் ஜாக்சன், 1863-இல் முழுக்கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டு ‘கிரனுலா’ என்று ஒன்று செய்தார். கல் மாதிரி இருக்கும். இரவே பாலில் ஊறப்போட்டால்தான் காலையில் பல் இறங்கும். மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் க்ரீக்கில், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினர் தொடங்கிய சானடோரியத்தில் தலைமை மருத்துவராக இருந்தவர் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக். அங்கே இறைச்சி, காபி, மது, புகையிலை எதுவும் கூடாது. 1894-இல் அவித்து வைத்த கோதுமை கொஞ்சம் பழையதாகிவிட, வீணாக்க மனமில்லாமல் உருளைக்குள் விட்டார்கள். ஒவ்வொரு மணியும் தனித்தனித் தகடாக வந்து விழுந்தது. அதைச் சுட்டு நோயாளிகளுக்குப் பரிமாறினார்கள். 1896-இல் காப்புரிமையும் கிடைத்தது.

டாக்டரின் தம்பி வில் கீத் கெல்லாக், சானடோரியத்தின் கணக்கு வழக்கைப் பார்த்துவந்தவர். சோளத் தகட்டில் சர்க்கரை சேர்த்தால் ஊரே வாங்கும் என்று அவருக்குத் தோன்றியது. சர்க்கரை கூடவே கூடாது என்றார் அண்ணன். 1906-இல் தம்பி தனியாகக் கம்பெனி போட்டார். அண்ணன் தம்பி வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. வியாபாரத்தில் யார் ஜெயித்தார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த சானடோரியத்தில் நோயாளியாகப் படுத்திருந்த சி. டபிள்யூ. போஸ்ட்டும் சும்மா இருக்கவில்லை. வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கி, 1897-இல் ‘கிரேப் நட்ஸ்’ என்று ஒரு பெட்டியை விற்றார். அதில் திராட்சையும் கிடையாது, பருப்புக் கொட்டையும் கிடையாது, கோதுமையும் பார்லியும்தான். பெட்டியின் முன்பக்கத்தில் ஒன்று, உள்ளே ஒன்று என்ற பழக்கத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசாகிறது!

1950-களில் கூச்சம் முற்றிலும் போயிற்று. 1952-இல் ‘சுகர் ஃப்ராஸ்டட் ஃபிளேக்ஸ்’, 1953-இல் ‘சுகர் ஸ்மாக்ஸ்’. பின்னதில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. அன்றைக்கு அது பெருமை, பெயரிலேயே போட்டுக்கொண்டார்கள். 1980-களில் சர்க்கரைக்குக் கெட்ட பெயர் வந்ததும் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார்கள். ‘சுகர் ஸ்மாக்ஸ்’ ‘ஹனி ஸ்மாக்ஸ்’ ஆயிற்று. பெட்டிக்குள் அதிகம் ஒன்றும் மாறவில்லை.

நம் நாட்டில் மோகன் மீகின் கம்பெனியின் கார்ன் ஃபிளேக்ஸ் ஏற்கெனவே இருந்தாலும், அதைச் சாப்பிட்ட வீடுகள் கொஞ்சம். 1994-இல் கெல்லாக்ஸ் பெரிய விளம்பரத்தோடு வந்தது. மொறுமொறுப்புத்தான் விளம்பரத்தின் சாரம். நாமோ பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிச் சாப்பிடுகிற ஜனம். ஊற்றிய மாத்திரத்தில் தகடு கூழாகிவிட்டது. சூடான இட்லியை விட்டுவிட்டு யார் இதைச் சாப்பிடுவார்கள்? சாக்லேட் தடவிய வகை வந்து பிள்ளைகள் பக்கம் திரும்பிய பிறகுதான் வியாபாரம் பிடித்தது. இங்கேயும் பாதை அதே பாதைதான்: முதலில் ஆரோக்கியம், அது போகவில்லை என்றால் இனிப்பு.

பெரியவர்களை அந்த அடுக்குக்கு அழைத்துவந்தது இனிப்பு அல்ல, சர்க்கரை வியாதி. சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, அதாவது வயது வந்தோரில் 11.4 சதவீதம். இட்லியைக் குறைங்க, ஓட்ஸ் சாப்பிடுங்க, சிறுதானியம் சேர்த்துக்கோங்க என்று டாக்டர் ஒரு வரி சொல்லி அனுப்புகிறார். அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் பாடுதான் திண்டாட்டம்.

கடையில் ஒருமுறை பெரியவர் ஒருவர் என் கையைத் தொட்டுக் கூப்பிட்டார். “தம்பி, கண்ணாடிய வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேன். இதுல சக்கரை எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க.” கையில் இருந்த பெட்டியில் கம்பங்கதிர், கேழ்வரகுக் கதிர், தினை எல்லாம் விளைந்து கிடந்தன. மேலே தேன் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்டிருந்த எனக்கே பின்பக்க எழுத்தைப் படிக்க வெளிச்சத்துக்குத் திருப்ப வேண்டியிருந்தது. முதல் பெயர் ஓட்ஸ். இரண்டாவது சர்க்கரை. கம்பும் கேழ்வரகும் வால் பக்கம், ஒற்றை இலக்க சதவீதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

“தேன் இருக்காமே?”

“இருக்குங்க ஐயா. கடைசியில இருக்கு.”

அவர் அதை வைத்துவிட்டு மசாலா ஓட்ஸ் பாக்கெட்டை எடுத்தார். அதில் சர்க்கரை கம்மிதான், ஆனால் உப்பு தாராளம். “பிரஷர் இருக்குங்களா ஐயா?” என்றேன். சிரித்தார். எதுவும் கலக்காத ஓட்ஸைக் காட்டினேன். “அது நல்லாவே இருக்காதே தம்பி” என்றார். நியாயமான பேச்சு. நல்லாயிருக்க வைப்பது நம் வேலை என்று விட்டதுதான் அந்தப் பாக்கெட்டின் யோக்கியதை என்பதை அந்த இடத்தில் அவருக்கு எப்படிச் சொல்ல?

முன்பு உரலும் முறமும் செய்த வேலையை இப்போது கண் செய்ய வேண்டியிருக்கிறது. நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி, சேர்ந்திருக்கும் பொருள்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை அந்த வரிசையிலேயே அச்சிட வேண்டும். முன்பக்கத்தில் ஒரு பொருளைப் பெரிதாகக் காட்டினால் அது எத்தனை சதவீதம் என்றும் சொல்ல வேண்டும். ஆகவே முதல் மூன்று பெயர்களைப் பார்த்தாலே பெட்டியின் ஜாதகம் தெரிந்துவிடும். சர்க்கரை ஒரே பெயரில் வருவதும் இல்லை. குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், மால்ட் சாறு, தேன், வெல்லம், பேரீச்சைப் பாகு என்று நான்கைந்தாகப் பிரிந்து வந்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிக்கொள்ளும். கூட்டினால் மேலே நிற்கும். வெள்ளைச் சர்க்கரை இல்லை, நாட்டுச் சர்க்கரைதான் என்று பெருமையாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

அடுத்தது அளவு. ‘ஒரு வேளைக்கு 30 கிராம்’ என்று பெட்டியில் இருக்கும். வீட்டுத் தராசில் ஒருதரம் 30 கிராம் மூஸ்லியை எடை போட்டுக் கிண்ணத்தில் கொட்டிப் பாருங்கள். அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வழக்கமாக நாம் கொட்டுவது அதைப் போல இரண்டு மடங்கு. எனவே ஒரு வேளைக் கணக்கை விட்டுவிட்டு 100 கிராம் கணக்கைப் பார்ப்பதுதான் சரி. 100 கிராமுக்குச் சர்க்கரை 5 கிராமுக்குள் இருந்தால்தான் சர்க்கரை குறைவு என்று நம் விதி அனுமதிக்கிறது. நார்ச்சத்து அதிகம் என்று சொல்ல 100 கிராமுக்கு 6 கிராம் வேண்டும். இந்த இரண்டு எண்ணும் மனசில் இருந்தால் போதும். ஒரு பெட்டியில் 100 கிராமுக்கு 24 கிராம் சேர்த்த சர்க்கரை என்று வையுங்கள். 60 கிராம் சாப்பிட்டால் உள்ளே போவது 14 கிராமுக்கு மேல், அதாவது மூன்றரை டீஸ்பூன். சேர்த்த சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராம் அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதிக்கு மேல் காலை எட்டு மணிக்கே முடிந்தது. இந்த லட்சணத்தில் காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிப் பெருமைப்படுவது வேறு.

ஆரோக்கியம் என்ற பேச்சுக்கு முன்பக்கத்தில் எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு சம்பவம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் பான வகைகளை விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. காரணம் எளிது: அப்படி ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது.

எல்லாம் சரி, பழைய கஞ்சிக்கே திரும்பிவிட்டால் தீர்ந்ததா? அங்கேயும் ஒரு சங்கடம் இருக்கிறது. சாப்பிட்ட மாவுச்சத்து எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதைக் குளுக்கோஸை 100 என வைத்து அளக்கிறார்கள். சர்வதேசப் பட்டியலின் சராசரிப்படி கார்ன் ஃபிளேக்ஸ் 81. தகடாக நசுக்கிய சாதாரண ஓட்ஸில் காய்ச்சிய கஞ்சி 55. உடனடி ஓட்ஸ் 79. சிறுதானியக் கஞ்சி 67. அரிசிக் கஞ்சி 78. நம் அரிசிக் கஞ்சியும் கார்ன் ஃபிளேக்ஸும் கிட்டத்தட்ட பங்காளிகள்! ஓட்ஸ் இரண்டு இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். தானியம் ஒன்றுதான். ஆனால் உடனடி ஓட்ஸை மெல்லிசாக்கி, முன்கூட்டியே வேகவைத்து விடுகிறார்கள். பல்லும் வயிறும் செய்ய வேண்டிய வேலையை ஆலையே முடித்துக் கொடுத்துவிடுகிறது. மிச்சப்படுவது மூன்று நிமிஷம். அதற்காக 24 புள்ளி கொடுக்கிறோம். மாவாக அரைத்த கேழ்வரகுக்கும் குருணையாக உடைத்ததற்கும் இதே நியாயம்தான். ராகி மால்ட்டில் வெல்லத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, ராகி நல்லது என்று சொல்வதில் பயனில்லை.

ராகி நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அரிசியிலோ கோதுமையிலோ அதில் கால்வாசி கூடக் கிடைக்காது. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வருஷம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. அரிசி விரட்டிய தானியத்தை ரேஷன் கடையே திரும்பக் கூப்பிட்டது. பெட்டிகளில் கம்புப் படம் பெருகியதும் இந்தச் சமயத்தில்தான்.

ஒரு இடத்தில் மட்டும் பெட்டி நுழையவே இல்லை. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். ரவையில் நார்ச்சத்து போதாது என்று குறை சொல்லலாம்தான். ஆனாலும் சூடாக, காயோடு கிடைக்கிறது. மாதம் லட்ச ரூபாய் சம்பளம் வாங்குகிறவரின் பிள்ளை அதே நேரத்தில் சாக்லேட் உருண்டைகளைப் பாலில் ஊறவைத்துக்கொண்டிருக்கும்.

டயட்டில் இருக்கிறேன், எதை வாங்க என்று என்னைக் கேட்டால், பொருள் பட்டியலில் ஒரே பெயர் இருக்கிற பாக்கெட்டை வாங்குங்கள் என்பேன். தகடு ஓட்ஸ், சம்பா கோதுமை ரவை, கம்புக் குருணை, எது கைக்கு வருகிறதோ அது. உடனடி என்று போட்டிருந்தால் வேண்டாம். 40 கிராம் ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து ஒன்றரை கிராமுக்கு மேல் இருக்கும். இதய நோய் அபாயத்தைக் குறைக்க நாளுக்கு 3 கிராம் உதவலாம் என்று சொல்ல அமெரிக்க உணவு மருந்துத் துறை 1997-லேயே அனுமதி தந்திருக்கிறது. பாதி தூரம் காலையிலேயே வந்தாயிற்று. அதை வெங்காயம், கேரட், பீன்ஸ் போட்டு உப்புமாவாகக் கிளறினாலும் சரி, மோர் விட்டுக் கரைத்துக் கறிவேப்பிலை தாளித்தாலும் சரி. கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ இருந்தால்தான் பதினொரு மணிக்கு பிஸ்கட் தேடாது. பாலும் பழமும் போட்டால்தான் இறங்கும் என்கிறவர்கள் கொய்யாவோ ஆப்பிளோ நறுக்கிப் போடலாம். உலர்திராட்சையை அள்ளிப் போட வேண்டாம்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் பலர் வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கும். புதிதாக ஒரு தானியத்துக்கு மாறும்போது, சாப்பிட ஆரம்பித்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒரே கஞ்சி இரண்டு பேர் உடம்பில் ஒரே மாதிரி ஏறுவதில்லை. எத்தனை கிராம், கூட என்ன என்று காலண்டர் தாளில் குறித்து வைத்தால் அடுத்த முறை டாக்டரிடம் காட்டப் பெட்டியை விட அதுவே உபயோகம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், டயட் ஆர்வத்தில் நாலு இட்லியிலிருந்து சட்டென்று அரைக் கிண்ணம் ஓட்ஸுக்கு இறங்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். மருந்து பழைய அளவிலேயே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால், பதினொரு மணிவாக்கில் வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கும். அப்போது உடனே சாப்பிட வேண்டியது சர்க்கரைதான்.